பஞ்சுக் கங்கு

டேய் செந்திலு,

இதைப் படிக்கிறதுக்கு முன்னாடி எழுந்து போயி ஒரு வேலை பண்ணு. உங்க வூட்டு ஹால்ல செவுத்துக்குள்ள இருக்குதே குளிர் காயற கேஸ் அடுப்பு, அதுக்கு வர்ற குழாயோட சாவியைத் திருப்பி மூடிட்டு வா. அப்பா ஆரம்பிச்சிட்டாருன்னு சிரிக்காதே. மூடிட்டு வந்து உக்காரு. நான் எங்கியும் போவல. இங்க கிருமாம்பாக்கம் பஸ் ஸ்டாப் பக்கத்துல நம்ம அயன் மேசை மேலதான் நோட்டை விரிச்சு வெச்சு எழுதிக்கினு இருக்கேன். பக்கத்துல வாத்தியார் வூட்டு சட்டை பதினாறு கெடக்குது, அது கெடக்கட்டும்.

திங்கக்கெழமை போன்ல அந்த அடுப்பைக் கொளுத்தாதேன்னு சொன்னேன். ஏம்பான்னு கேட்டே. எனக்கு வாய் வரல, கெட்ட கனா கண்டேன்னு சொல்லிட்டேன். கனா காண்றதெல்லாம் அம்மா டிபார்ட்மெண்ட் ஆச்சே, நீ எப்பப்பா அதுல சேந்தேன்னு கிண்டல் பண்ணே. அப்பால மறுநாள் மெசேஜும் போட்டேன். அதுக்குக் கட்டைவெரலைத் தூக்கிக் காமிச்சே. அந்த வெரலுக்கு சரிப்பான்னு அர்த்தமா, போய் உன் வேலையப் பாருன்னு அர்த்தமான்னு தெரியாம மூணு நாளா எனக்கு சோறு எறங்கல. கனாவும் இல்ல ஒரு மண்ணும் இல்லடா. அந்த அடுப்பைக் கெடுத்து வெச்சிட்டு வந்தவன் நான். வாயால சொல்ல வெக்கமா இருக்குது. அதான் எழுதறேன். எழுதி முடிச்சதும் பக்கம் பக்கமா போட்டோ புடிச்சு அனுப்பறேன். இந்த வயசுல புள்ளைக்கிட்ட பயந்து எழுதற நெலமை வந்துடுச்சு பாரு.

பாப்பா பொறந்ததுக்கு உங்கம்மாவும் நானும் கனடாவுக்கு வந்து ஆறு மாசம் இருந்தோமே, வந்த மொத நாளே அந்த அடுப்பைப் பாத்து எனக்கு சிரிப்பு வந்துது. சிமெண்டுல வெறகு மாதிரி பண்ணி அடுக்கி வெச்சிருக்கான். அடியில ஓட்டை ஓட்டையா ஒரு கேஸ் குழாய். அதுக்கு மேல சாம்பல் கலர்ல பஞ்சு. நீ பட்டனைத் தட்டினே, அந்தப் பஞ்சு செவசெவன்னு கங்கு மாதிரி கனிஞ்சுது. இது கல்லை உருக்கிப் பண்ண பஞ்சுப்பா, எரியாது, சும்மா கங்கு மாதிரி காமிக்கும், அவ்ளோதான்னு சொன்னே. முப்பத்தஞ்சு வருஷமா கொட்டாங்கச்சிக் கரியை அயன் பொட்டிக்குள்ள போட்டு ஊதிக்கினு இருக்கிறவன் கிட்ட வந்து கங்குன்னா இன்னான்னு நீ பாடம் எடுத்தே. எனக்கு உள்ளுக்குள்ள சுருக்குன்னுச்சு. நீ தப்பா ஒண்ணும் சொல்லல. எனக்குத்தான் அந்த ஊருல தெரிஞ்சதுன்னு ஒண்ணுமே இல்ல. பஸ்ஸுல ஏறத் தெரியல, குப்பையை எந்தத் தொட்டியில போடறதுன்னு தெரியல. பச்சைத் தொட்டியில போட வேண்டியதை நீலத்துல போட்டேன்னு நீ ஒரு நாள் கையை வுட்டு எடுத்தே. நெருப்பு ஒண்ணுதான் எனக்குத் தெரிஞ்ச விஷயமா அங்க இருந்துது. அதுவும் பொய் நெருப்பு.

சாயங்காலமானா நீ அதைக் கொளுத்திடுவே. நாங்க ரெண்டு பேரும் ஸ்வெட்டர் மேல ஸ்வெட்டர் போட்டுக்கினு அது முன்னாடி உக்காந்துடுவோம். உங்கம்மாவுக்குத் தாங்கல. இம்மாங் கங்கு சும்மா கெடந்து எரியுது, புள்ளைக்கு ஒரு நாள் சாம்பிராணிப் பொகை போட வழியில்லயேன்னு தெனம் பொலம்புவா. பாப்பாவுக்குத் தலைக்கு ஊத்துனா, ஈரத்தலையை சாம்பிராணிப் பொகையில காட்டாம அவளால இருக்க முடியாது. உனக்கும் அப்படித்தான் காட்டுவா. என் அயன் பொட்டியில இருந்து ரெண்டு கங்கு எடுத்து சட்டியில போட்டு, மேல சாம்பிராணியைத் தூவி, உன்னைக் குப்புறப் போட்டு மடியில வெச்சுக்குவா. அங்க கரியும் கெடைக்கல, சட்டியும் இல்ல. ஒரு வெள்ளிக்கெழமை நீ மாடியில மீட்டிங்ல இருந்தே. வில்லியனூர் கடையில வாங்கிக்கினு வந்த சாம்பிராணித் தூளை ரெண்டு சிட்டிகை எடுத்து, அடுப்பு முன்னாடி இருந்த கம்பி வலையை ஒதுக்கிட்டு, அந்தப் பஞ்சுக் கங்கு மேல தூவிட்டா. நான் பக்கத்துலதான் இருந்தேன். தடுக்கல. உண்மைய சொல்லணும்னா, நல்லா தூவு, கங்குன்னா பொகையும்னு நான்தான் சொன்னேன்.

பொகைஞ்சுது. ஊரே கேக்கற மாதிரி அலாரம் கத்துச்சு. நீ ஓடியாந்து துண்டால விசிறினே, மருமவ சுகன்யா புள்ளையைத் தூக்கிக்கினு வாசலுக்கு ஓடுனா, உங்கம்மா கையில சாம்பிராணி பாக்கெட்டோட திருடி மாதிரி நின்னா. அன்னிக்கு நீ ஒண்ணும் கோவப்படல. சிரிச்சே. இனிமே வேணாம்மான்னு மட்டும் சொன்னே. அதோட முடிஞ்சிருக்க வேண்டியது. அவ போட்ட சாம்பிராணி உருகி அந்தப் பஞ்சு மேல அங்கங்க பழுப்பா ஒட்டிக்கினுச்சு, அவ்ளோதான். பத்து நாள் கழிச்சுப் பாத்தா கங்கு முன்ன மாதிரி கனியல. மங்கலா இருந்துது. நீயும் கொளுத்தும்போதெல்லாம், மொத நல்லா இருந்துது இல்லப்பான்னு சொல்லிக்கினே இருந்தே. நீ சும்மா சொன்னியோ இன்னமோ, எனக்கு அது உங்கம்மாவைக் குத்திக் காமிக்கிற மாதிரியே இருந்துது.

இங்கதான்டா என் புத்தி வேலை செஞ்சுது. நீயும் சுகன்யாவும் பாப்பாவுக்கு ஊசி போட ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தீங்க. உங்கம்மா மாடியில படுத்திருந்தா. அந்த அடுப்புப் பக்கத்து அலமாரியில பிரிக்காத பாக்கெட் ஒண்ணு கெடந்துதே, புதுப் பஞ்சுக் கங்கு, வூட்டை வித்தவன் வுட்டுட்டுப் போனதுன்னு சொல்லியிருந்தியே. அதை எடுத்துப் பிரிச்சேன். பழசை எடுக்கல. பழசு மேலயே புதுசைப் போட்டேன். கொஞ்சம் போட்டேன், பத்தாத மாதிரி இருந்துது. இன்னும் கொஞ்சம் போட்டேன். அயன் பொட்டிக்கு கரி போடறவனுக்கு ஒரு பழக்கம் இருக்குது, நீ சின்னப் புள்ளையில பாத்திருப்பே. இடுக்கு இல்லாம ரொப்பணும். காலியா இருந்தா சூடு நிக்காது. அதனால ரொப்பி, கட்டைவெரலால அழுத்தி, பக்கவாட்டுல திணிச்சு வெப்போம். அதே மாதிரி அந்தக் குழாய் ஓட்டை மேலெல்லாம் போட்டுக் கட்டைவெரலால அழுத்தி அழுத்தித் திணிச்சேன். ஒரு மூலையில சின்னதா ஒரு சுடர் எப்பவும் எரியுமே, அதைச் சுத்தியும் வெச்சேன். பாக்கெட் முழுக்கக் காலி. காலிப் பாக்கெட்டை உன் தொட்டியில போட்டா நீ கண்டுபுடிச்சிடுவேன்னு மடிச்சு என் சூட்கேஸ் அடியில வெச்சிட்டேன். அறுபது வயசு ஆளு, திருடுன முட்டாயைப் பதுக்கற மாதிரி.

அன்னிக்கு சாயங்காலம் நீ கொளுத்தினே. அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். பட்டனைத் தட்டின ஒடனே பத்தல. கொஞ்ச நேரம் கேஸ் சீறுன சத்தம் மட்டும் கேட்டுது. அப்பால பொக்குன்னு ஒட்டுக்கா பத்திக்கினுச்சு. நீ போனைப் பாத்துக்கினு இருந்தே, கவனிக்கல. நான் கவனிச்சேன். கவனிச்சிட்டுப் பேசாம இருந்தேன். ஏன்னா அந்தக் கங்கு அன்னிக்கு அப்படிக் கனிஞ்சுதுடா. தீ மஞ்சளா, ஒசரமா எரிஞ்சுது. அப்பா, இன்னிக்கு செமையா இருக்குதுப்பான்னு நீ சொன்னே. அந்த ஆறு மாசத்துல நான் பண்ண வேலைக்கு நீ சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது. நான் பண்ணதுன்னு உனக்குத் தெரியாட்டியும் எனக்கு நெஞ்சு ரொம்பிப் போச்சு.

மறுநா காலையில அந்த சிமெண்டு வெறகெல்லாம் கரி புடிச்சுக் கெடந்துது. சுகன்யாவுக்கு ராத்திரியெல்லாம் தலைவலின்னா. அத்த போட்ட சாம்பிராணியா இருக்கும், அவங்ககிட்டப் பாத்து சொல்லுங்கன்னு உன் காதுல பதமாத்தான் சொன்னா, அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல. நீதான் அடுப்பங்கரைக்கு வந்து உங்கம்மாவை நிக்க வெச்சுக் கேட்டே. ஏம்மா, எத்தினி வாட்டி சொல்றது, ஒனக்கு எப்பவும் கை நெதானமே கெடையாது, கைக்கொழந்தை இருக்கிற வூடும்மா இதுன்னு கேட்டே. அவ தோசைக் கரண்டியை வெச்சிட்டு, சரிப்பா, தெரியாம செஞ்சிட்டேன்னா. நான் மேசையில உக்காந்து உப்புமா துன்னுக்கினு இருந்தேன். துன்னுக்கினே இருந்தேன். அதுக்கு மேல வெயில் வந்துடுச்சு, நீ அடுப்பைக் கொளுத்தல. நாங்களும் ஊருக்குத் திரும்பிட்டோம்.

போன வாரம் உங்க சித்தி எங்கியோ போறான்னு சூட்கேஸ் கேட்டா. எறக்கித் தொடைக்கும்போது அடியில அந்தப் பாக்கெட் இருந்துது. அதுல ரெண்டு பாஷையில பொடிப்பொடியா அச்சடிச்சிருந்துது. எனக்கு எதுவும் புரியல, ஆனா ஒரு படம் புரிஞ்சுது. அடுப்புப் படத்துல பஞ்சு மேல பெருக்கல் குறி. நான் வெச்ச மாதிரியே குமிச்சு வெச்சு அதுக்கு மேல பெருக்கல் குறி.  பாகூர்ல இருந்து சொல்தா லூர்து அண்ணன் வாரத்துக்கு ரெண்டு தடவ பேண்ட் அயன் பண்ண வருவாரு இல்ல, பிரெஞ்சு பட்டாளத்துல இருந்துட்டு வந்து பென்ஷன் வாங்கறவரு. இங்கிலீஷ் அரைகொறைன்னாலும் பிரெஞ்சு தண்ணியா படிப்பாரு. அவருகிட்ட நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கினு இந்த மேசைக்கு முன்னாடியே நின்னு ஒவ்வொரு வரியா படிச்சு சொன்னாரு.

கங்கு போடறதுக்கு முன்னாடி கேஸை மூடி நல்லா ஆற வுடணுமாம். பழசை முழுக்க எடுத்துட்டுத்தான் புதுசு வெக்கணுமாம். காசு அளவுக்குச் சின்னச் சின்னதா பிச்சு, பூ மாதிரி தளர்த்தி, ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம லேசா ஒரு படை வெச்சா போதுமாம். அழுத்தவே கூடாதாம். குழாய் ஓட்டையை மூடற மாதிரி வெக்கக் கூடாது, அந்தச் சின்ன சுடர் கிட்ட போவவே கூடாதாம். மூடிக்கினா கேஸ் அடியிலயே சேந்து, பத்தும்போது ஒரே மூச்சுல முன்னாடி பாயுமாம். சரியா எரியாட்டி கரி புடிக்கும், அதோட வாசனையே இல்லாத விஷக்காத்து வூட்டுக்குள்ள வரும், தலைவலிதான் அதுக்கு மொத அடையாளம்னு போட்டிருக்குது. கங்கு மேல வேற எதையும் போடாதேன்னும் போட்டிருக்குது, அது உங்கம்மாவுக்கு. மீதி அத்தினியும் எனக்கு. படிச்சு முடிச்சிட்டு லூர்து அண்ணன் கண்ணாடியைக் கழட்டி, இதை எவன்யா பண்ணான்னு கேட்டாரு. எனக்குத் தெரிஞ்சவன் ஒருத்தன்னு சொன்னேன்.

உனக்கு சமையல் அடுப்பு தெரியும். கஞ்சி பொங்கி பர்னர் ஓட்டை அடைச்சிக்கினா இன்னா ஆவும்? ஒரு பக்கம் எரியும், ஒரு பக்கம் எரியாது, கேஸ் நாறும். அது தெரியாதவனா நான்? நம்ம வூட்டு பர்னரை மாசா மாசம் ஊசி வெச்சுக் குத்தி எடுக்கிறவனே நான்தானே. ஆனா அந்த அடுப்பு கங்கு மாதிரி வேஷம் போட்டுக்கினு இருந்துது, நானும் கங்குன்னே நெனைச்சிட்டேன். போன ஞாயித்துக்கெழமை வீடியோவுல பாத்தேன், பாப்பா தவழ்ந்துக்கினு நேரா அந்த வலையைப் புடிச்சித்தான் எழுந்து நிக்கறா. நீ பின்னாலயே, இங்க குளிர் ஆரம்பிச்சிடுச்சுப்பா, இந்த வாரம் அடுப்பைப் போட்டுடணும்னு சொல்றே. அன்னிலேர்ந்து எதை எடுத்தாலும் எனக்கு அந்த பொக்கு சத்தம்தான் கேக்குது. பஸ் பிரேக் புடிச்சா கேக்குது. நேத்து ஒரு பட்டு வேட்டியை மடிப்பு மாத்தி அயன் பண்ணிட்டேன்.

அலாரம் இருக்குதேன்னு நீ சொல்லுவே. இருக்கட்டும். அது கத்தற வரைக்கும் காத்துக்கினு இருக்கறதா? பாப்பா கை வலை மேல இருக்கும்போது தீ பாஞ்சா அலாரம் வந்து புடிக்குமா? நீ

செந்திலு, மேல பாதியில நிறுத்திட்டேன், பாரு. இப்ப திரும்ப எழுத ஒக்காந்திருக்கேன். 

அந்த "நீ" எழுதும்போது போன்ல டிங்குன்னு சத்தம். மணி அஞ்சு இருக்கும், உங்களுக்குக் காலையில ஏழரை. உன் போட்டோ. பாப்பா சேப்பு ஸ்வெட்டர் போட்டுக்கினு அடுப்பு முன்னாடி பாயில உக்காந்திருக்கா. கீழ நீ எழுதியிருக்கே, அப்பா இன்னிக்கு செமக் குளிர், கங்கு ரெடி, கொளுத்தப் போறோம்னு. ஒடனே உனக்குப் போட்டேன், நீ எடுக்கல. இன்னொரு வாட்டி போட்டேன், எடுக்கல. சுகன்யாவுக்குப் போட்டேன். அஞ்சாவது ரிங் போறப்ப அவ எடுத்தா. மாமா, குட் மார்னிங்னா. என் வாயில இருந்து வந்தது இதுதான்:

"அம்மாடி, அதைக் கொளுத்த வுடாத. புள்ளையத் தூக்கு. தூக்கிட்டியா? நான்தான்மா அதைக் கெடுத்து வெச்சேன். ஓட்டையெல்லாம் அடைச்சு வெச்சிட்டேன். உங்கத்த இல்ல, நான்."

அவ ஏன்னு ஒரு வார்த்தை கேக்கலடா. உன்னை மாதிரி கேள்வி கேட்டு நின்னிருந்தா இன்னா ஆயிருக்குமோ. செந்தில், கைய எடுங்கன்னு அவ போட்ட சத்தம் எனக்குக் கேட்டுது. அப்பால பாப்பா அழுவற சத்தம். அந்த அழுகை மாதிரி நல்ல சத்தம் நான் என் ஜென்மத்துல கேட்டதில்ல. நீ போனை வாங்கி, கேஸை மூடிட்டேம்பா, பாப்பா சமையக்கட்டுல இருக்குது, நீ மொத உக்காருன்னு சொன்னே. பட்டன் மேல வெரல் வெச்சிருந்தியாமே. கட்டைவெரல். உக்காந்துட்டேன். அயன் பொட்டியைக் கவுத்து வெச்சிட்டேன்னு அப்பாலதான் பாத்தேன், நல்ல வேளை மேசைத் துணி மட்டும்தான் பொசுங்குச்சு.

உங்கம்மா பக்கத்துல ஸ்டூல்ல உக்காந்து துணி மடிச்சிக்கினு இருந்தா. நான் பேசனது அத்தினியும் கேட்டா. போனை வெச்சிட்டு அவ மூஞ்சைப் பாக்க எனக்கு தெகிரியம் வரல. அவ தண்ணி எடுத்துக் குடுத்தா. குடிச்சேன். அப்பால சொன்னா.

"எனக்குத் தெரியும்யா. நீ பஞ்சைத் திணிச்சதை மாடிப்படியில நின்னு பாத்துக்கினுதான் இருந்தேன்."

பாத்துட்டு ஏன்டி சொல்லல, அவன் உன்னை அந்தக் கேள்வி கேட்டானே, நான் உக்காந்து துன்னுக்கினு இருந்தேனேன்னு கேட்டேன். அந்த ஊருல உனக்கு ஒரு வேலையும் இல்லாம சுத்தி சுத்தி வந்தே, அந்த ஒண்ணை செஞ்சிட்டு எம்மாம் சந்தோஷமா உக்காந்திருந்தே, மருமவ முன்னாடி உன்னைக் கூசவெக்க எனக்கு மனசு வரலன்னா. அப்பால கொஞ்ச நேரம் சட்டைக் காலரை நீவிக்கினே இருந்தா. அது புள்ளை உசுருக்கு வெனையா முடியும்னு எனக்கு யாருய்யா சொன்னாங்க, தெரிஞ்சிருந்தா நானே அன்னிக்கே உன் மானத்தை வாங்கியிருப்பேன்னா. அப்பதான் அழுதா. கிருமாம்பாக்கம் ஸ்டாப்புல பஸ்ஸுக்கு நிக்கறவங்க அத்தினி பேரும் பாக்க அழுதா. இத்தினி மாசமா நானும் சொல்லல, அவளும் சொல்லல. ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் மானத்தைக் காப்பாத்திக்கினு, நடுவுல புள்ளையைக் கொண்டுபோயி நெருப்புக்கு முன்னாடி உக்கார வெச்சிருந்தோம்.

அடுப்பு விஷயம் போன்லயே தெரிஞ்சிடுச்சு, இனிமே இந்த லெட்டர் எதுக்குன்னு கிழிச்சுப் போடப் பாத்தேன். கிழிக்கல. போன்ல சொல்லாதது ஒண்ணு இருக்குது.

அம்மாவுக்குக் கை நெதானம் கெடையாதுன்னு சொன்னியே, அது உனக்கு எங்கேர்ந்து வந்துதுன்னு எனக்குத் தெரியும். நீ ஏழாவது படிக்கும்போது, சோரியாங்குப்பத்துக் கல்யாண வூட்டுல இருந்து கூரைப்புடவை அயனுக்கு வந்துதே, நெனப்பு இருக்குதா. அரக்குக் கலர். அதுல நடு முந்தியில கங்கு வுழுந்து ஓட்டையாயிடுச்சு. பொண்ணோட அம்மா வந்து இந்த மேசைக்கு முன்னாடி நின்னு உங்கம்மாவை வாய்க்கு வந்தபடி கேட்டாங்க. தாலி கட்டற புடவையில நெருப்பை வெச்சியே, நீயெல்லாம் பொம்பளையான்னு கேட்டாங்க. நீ ஸ்கூல் பையோட ஓரமா நின்னு பாத்துக்கினு இருந்தே. அதுக்கப்பறம் நம்ம வூட்டுல பால் பொங்குனா அம்மா கை நெதானம் இல்ல, தட்டு ஒடைஞ்சா அம்மா கை நெதானம் இல்ல. நீ சொல்லுவே, உன் தங்கச்சி சொல்லுவா, நானும் கூடச் சேந்து சிரிப்பேன்.

அந்தப் புடவையை அயன் பண்ணது உங்கம்மா இல்லடா. நான். அயன் பொட்டி மூடி சரியா மூடல, தூக்கும்போது ஒரு கங்கு வெளிய வுழுந்துது. அந்தம்மா வர்றதைத் தூரத்துலேர்ந்து பாத்ததும் எனக்குப் பயம் வந்துடுச்சு. பொம்பளைன்னா கொஞ்சம் திட்டிட்டு வுட்டுடுவாங்க, ஆம்பளைன்னா கூட ஆளைக் கூட்டிக்கினு வருவாங்கன்னு நெனைச்சு, எங்கூட்டுக்காரி பண்ணிட்டாம்மான்னு சொல்லிட்டேன். அவ என்னை ஒரு பார்வை பாத்தா. அப்பால அவங்க காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டா. அன்னியிலேர்ந்து இன்னி வரைக்கும் அதைப் பத்தி ஒரு வார்த்தை என்கிட்டக் கேட்டதில்ல. அன்னிக்கு அந்தப் பொய்யை நான் சொல்லாம இருந்திருந்தா, கனடாவுல அந்தக் காலையில நீ நேரா அவகிட்டப் போயி நின்னிருக்க மாட்டே. யார் பண்ணாங்கன்னு கேட்டிருப்பே. நானும் சொல்லியிருப்பேனோ இன்னமோ. பொக்குன்னு சத்தம் வந்த அன்னிக்கே அந்தப் பஞ்சை வாரிப் போட்டிருப்போம்.

உனக்குப் புத்தி சொல்ற யோக்கியதை எனக்கு இல்ல, இருந்தாலும் சொல்றேன். அடுப்புக்கு ஆள் கூப்புடறேன்னு சொன்னே, கூப்புடு. நீயே செஞ்சிடலாம்னு கையை வெக்காதே, என் புள்ளைதானே நீ. வர்றவன் அந்தப் பஞ்சையெல்லாம் எடுக்கும்போது பாப்பா அந்த ரூம்லயே இருக்கக் கூடாது, அது நுணுக்கமா பறந்து மூச்சுக்குள்ள போவுமாம், தொடப்பத்தால பெருக்கவும் கூடாதாம். பொகை போற வழியெல்லாம் கரி புடிச்சிருக்கும், அதையும் பாக்கச் சொல்லு. அப்பால வருஷத்துக்கு ஒரு வாட்டி குளிருக்கு முன்னாடி பாத்து வெச்சிக்க. தீ நீலமா இல்லாம மஞ்சளா, ஒசரமா எரிஞ்சா அழகா இருக்குதுன்னு உக்காந்து பாக்காதே, அணைச்சிடு. பத்த நேரமானாலும் அணைச்சிடு. வலையைப் புள்ளை புடிக்காத மாதிரி முன்னாடி ஒரு தடுப்பு வெச்சிடு. இன்னொண்ணு. உனக்கும் சுகன்யாவுக்கும் நடுவுல எது ஒடைஞ்சாலும், நான்தான் ஒடைச்சேன்னு அன்னிக்கே சொல்லிடு. மானம் ரெண்டு நாள்ல திரும்ப வந்துடும். என்னைப் பாரு, சொல்லி ஒரு மணி நேரம்கூட ஆவல, வாத்தியார் சட்டையை எடுத்து அயன் பண்ண ஆரம்பிச்சிட்டேன்.

நீ திரும்பப் போன் பண்ணும்போது எப்பவும் மாதிரி என் நம்பருக்குப் பண்ணாதே. உங்கம்மா நம்பருக்குப் பண்ணு. என்னைத் திட்டறதா இருந்தா அப்பால திட்டிக்கலாம். அவகிட்ட அந்தப் புடவையைப் பத்தி நீயே பேசு. அப்பா எல்லாத்தையும் எழுதிட்டாரும்மான்னு சொல்லு. அவ ஒண்ணுமில்லப்பா, சாப்ட்டியான்னு பேச்சை மாத்துவா, மாத்த வுடாதே. அவ அழுதா அழுவட்டும், போனை வெச்சிடாதே. பேசி முடிச்சிட்டு, அப்பாகிட்டக் குடும்மான்னு மட்டும் கேக்காதே, அன்னிக்குப் போன் முழுக்க அவளுக்குத்தான்.

அப்பா